எட்டு மில்லிமீட்டர்

விருது கண்ணாடி மாதிரி இருந்தது. கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக்.
ஒரு சாண் உயரம், அடியில் மரக்கட்டை.
மரகதவல்லி என்ற என் பெயரில்
வல்லி, வள்ளி ஆகியிருந்தாள். விட்டுவிட்டேன்.

பாலக்காட்டு மண்டபத்தில் மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே
ஒருவர் படித்தார்:
ஒளிமீள்மைப் பூச்சின் வழியே
இயந்திர உறுப்புகளின் தகைவைக் கண்டறிந்த பணிக்காக.
கைதட்டினார்கள்.
முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் கேட்டார்,
"பெயின்ட் கம்பெனியா?"

ஒரு வகையில் பெயின்ட்தான்.

வாளையார் சோதனைச்சாவடியில் லாரிகள்
ஓரடி நகரும், நிற்கும், ஓரடி நகரும், நிற்கும்.
அச்சுக்கு மேலே ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் தாங்கி,
கஞ்சிக்கோட்டில் வார்த்தது,
விண்டு விண்டு வந்தது.
பதினேழு தாங்கிகள். ஒரே இடம்.
பாரம் கூடுதல் என்றார் வார்ப்படச்சாலை முதலாளி.
இரும்பு மட்டம் என்றார் லாரிக்காரர்.
இரும்பு ஒன்றும் சொல்லவில்லை.
அதை விசாரிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

பிசினும் கெட்டிப்பானும் கலந்து தட்டில் ஊற்றி
அல்வாவுக்குக் கொஞ்சம் முந்திய பதத்தில்
தாளாக உரித்தெடுத்து
உறுப்பின்மேல் சுருக்கமில்லாமல் போர்த்த வேண்டும்.
எத்தனை நிமிடம் என்று புத்தகத்தில் இருக்கிறது.
அதை எழுதியவர் ஊரில் கணவாய் இல்லை.
இங்கே ஆனியில் மேற்கிலிருந்து ஈரம்,
தாள் விரலோடு வந்துவிடும்.
மாசியில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று,
தும்மி முடிப்பதற்குள் அப்பளம்.

பதம் சொல்வது சைனபா. ஆலத்தூர்க்காரி, என் வயது.
கையுறைமேல் எண்ணெய் தடவி
தாளின் ஓரத்தை மட்டும் தொடுவாள்.
"ஆயிட்டில்ல."
பத்து நிமிடம் கழித்து, "ஆயிட்டில்ல."
பிறகு, திடீரென்று, "இப்போ!"
அந்த இப்போவை நாலு வருஷம் பின்தொடர்ந்து
அட்டவணை ஆக்கினேன்:
ஈரப்பதம், வெப்பம், நிமிடம்.
கட்டுரையில் ஏழு பக்கம் வந்தது.
நன்றியுரையில் அவளுக்கு ஒரு வரி,
அதிலும் இனிஷியல் தப்பு.

தாங்கியில் பாரம் ஏற்றி, விளக்கைப் போட்டு, வடிகட்டியைத் திருப்பினால்
சுமை இல்லாத இடம் கறுப்பு.
சுமை ஏற ஏற மஞ்சள், சிவப்பு,
நூலிழை அளவு ஊதா,
நீலம், பச்சை, மறுபடி சிவப்பு.
உள்மூலையில் மட்டும் நிறப்பட்டைகள்
முகூர்த்த நாள் பேருந்தின் படிக்கட்டு மாதிரி
ஒன்றை ஒன்று நெருக்கின.
முதலாளி குனிந்து பார்த்தார்.
"நல்லாருக்கே, சேலைக்கு ஆகும்."
அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த மூலையின் வளைவு இரண்டு மில்லிமீட்டர்.
எட்டாக்கினோம்.
பட்டைகள் தள்ளித் தள்ளி உட்கார்ந்தன.
அதற்குப் பிறகு எதுவும் உடையவில்லை.
உடையாததை எப்படிப் படமெடுப்பது?
நடுவர்களும் அந்தப் பதினேழைத்தான் பார்க்கக் கேட்டார்கள்.

விழா முடிந்து, வேலந்தாவளம் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு
ஆய்வகத்துக்கே திரும்பினேன்.
சைனபா இருந்தாள், தட்டில் நாளைக்கான தாள்.
விருதை வாங்கி, ஒரு வார்த்தை சொல்லாமல்
இரண்டு வடிகட்டிகளுக்கு நடுவே வைத்தாள்.
எங்களுக்கு எதைக் கண்டாலும் இதே புத்தி,
அளவுகோல், மூக்குக்கண்ணாடி, அவள் மகனின் டிபன் டப்பா மூடி.

விருது கறுப்பாக நின்றது.
என் பெயர் பொறித்த வரியில் மட்டும்
எழுத்துக்கு எழுத்து வெளிறிய மஞ்சள்,
தப்பான ள்ளியின் சுழிப்பில் துளி சிவப்பு.
"இவிடெத்தான் பொட்டும்," என்று விரல் வைத்தாள்.
இருவரும் சத்தம் போட்டுச் சிரித்தோம்.

பெயருக்குக் கீழே நாலு விரற்கடை
ஒன்றும் எழுதாமல்
சுத்தமான கறுப்பு.
நான் அதைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.
பிறகு போய்
தட்டின் ஓரத்தைத் தொட்டுவிட்டுச் சொன்னாள்,
"ஆயிட்டில்ல."